கிளினிக்கில் அரை மணித்தியாலம், மீதி நாள் வீட்டில்: விசேட தேவையுள்ள பிள்ளையைப் பார்க்கத் தொடங்கும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு

போன மாதம் கிண்ணியாவில் இருந்து ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் மூன்று வருடத்துக் கடுதாசிகள், மருந்துத் துண்டுகள், மடித்து மடித்து நடுவில் கிழிந்த ஒரு ரிப்போர்ட். பிள்ளைக்கு நாலு வயது. "எங்க இருந்து தொடங்குற எண்டே தெரியல்ல அக்கா" என்றார்.

என் தம்பிக்கு இப்போது 24 வயது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), கூடவே வலிப்பு. நான் டொக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. அம்மாவோடு சேர்ந்து அவனைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், அவ்வளவுதான். அந்தத் தாயிடம் தேத்தண்ணி குடித்தபடி சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எங்களுக்கு விளங்கவே ஏழெட்டு வருடம் பிடித்தது. தெரபிஸ்ட் பிள்ளையைப் பார்ப்பது மாதத்தில் ஒருதரமோ இரண்டுதரமோ, அதுவும் அரை மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கையில். ஆகவே அந்த அரை மணித்தியாலம் பிள்ளைக்கான பயிற்சி என்று நினைத்து வெளி வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். பயிற்சி உங்களுக்கு.

சந்தேகம் வந்தால் முதல் போகும் இடம்

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட முன்னம் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் போங்கள். பிள்ளை பிறந்ததும் தந்த பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டில், அதாவது கிளினிக் கொப்பியில், நிறை வரையும் பக்கத்தை மட்டும்தான் பெரும்பாலான வீடுகளில் பார்க்கிறார்கள். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கமும் அதில் இருக்கிறது. நாலு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் தாண்டியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்களே நின்றுபோய்விட்டன. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், இவன்ர மாமாவும் அப்பிடித்தான்" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு ஆள் இருப்பார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் கிளினிக்குக்குப் போங்கள்.

மிட்வைஃப் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டுவார், அங்கிருந்து கடிதத்தோடு சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். பேச்சுப் பிந்திய பிள்ளை என்றால் காது கேட்கிறதா என்ற பரிசோதனையை முதலில் கேட்டு வாங்குங்கள். கேள்விக் குறைபாட்டை "சொல்வழி கேளாத பிள்ளை" என்று வருடக்கணக்காக ஏசிக்கொண்டிருந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். பெயர் வர மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வராமலே போகலாம். கழுத்து நிற்காத பிள்ளைக்குச் செய்ய வேண்டிய வேலையைப் பெயர் இல்லாமலே தொடங்கலாம்.

திருகோணமலை நகரத்துக்கு வர வெருகல், பதவிசிறிபுர போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு முழு நாள் போய்விடும். மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் தெரபிஸ்ட் வரும் நாள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நகரத்துக்குத்தான் வர வேண்டும் என்றால் டொக்டரின் கிளினிக்கையும் தெரபியையும் ஒரே நாளில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஒரு பைல், ஒரு கொப்பி, ஒரு போன்

தம்பியின் முதல் கிளினிக் கொப்பி 2004 சுனாமியோடு போய்விட்டது. அவனுக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு எந்த டொக்டர் "பிறந்தபோது நிறை எவ்வளவு, அழுதானா?" என்று கேட்டாலும் அம்மா ஞாபகத்தில் இருந்துதான் சொல்லுவார். ஆகவே எல்லாக் கடுதாசியையும் போனில் படம் எடுத்து, இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். மூலப் பிரதியை எந்தக் கந்தோரிலும் விட்டு வராதீர்கள், போட்டோக்கொப்பி கொடுங்கள்.

கொப்பியில் ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு பக்கம். போக முன்னம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். வந்த பிறகு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். வலிப்போ புதுவிதமான அசைவோ வந்தால் வீடியோ எடுங்கள். "இப்படித் துடிச்சது டொக்டர்" என்று கையை ஆட்டிக் காட்டுவதைவிட இருபது வினாடி வீடியோ எவ்வளவோ மேல்.

அந்த அரை மணித்தியாலத்தில் என்ன செய்வது

யார் என்ன பார்ப்பார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் இருப்பது, நிற்பது, நடப்பது, மூட்டு இறுகாமல் காப்பது. ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் சாப்பிடுவது, உடுப்பது, பென்சில் பிடிப்பது போன்ற அன்றாட வேலைகள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சுக்கு மட்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மெல்லுவதும் விழுங்குவதும் கூட அவர்களுடைய வேலைதான்.

அவர்கள் செய்து காட்டியதும் தலையாட்டிவிட்டு எழும்பி வராதீர்கள். "மிஸ், இப்ப நான் செய்யுறன், சரியோ எண்டு பாருங்கோ" என்று சொல்லி அவர்கள் முன்னால் நீங்களே செய்யுங்கள். கை எங்கே பிடிக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, பிள்ளை அழுதால் எங்கே நிறுத்துகிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அனுமதி கேட்டு வீடியோ எடுத்தால் அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் வீட்டில் காட்டலாம். சிங்களத்தில் மட்டும் பேசுகிற தெரபிஸ்ட் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரைகுறையாய் விளங்கிக்கொண்டு வந்து காலை மடக்கி நீட்டுவதைவிட ஒருவரின் பஸ் காசைக் கொடுப்பது லாபம்.

எட்டுப் பயிற்சி சொல்லித் தந்தால் "இதில் முதல் ரெண்டும் எது?" என்று கேளுங்கள். எட்டையும் செய்யப் போய் பத்தாம் நாள் எல்லாவற்றையும் விட்டவர்கள் நாங்கள்.

வீட்டில்: சாப்பாடு

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். எங்கள் வீட்டில் பெரிய பிழை நடந்தது இங்கேதான்.

அம்மா தம்பியை மடியில் சாய்த்து, முகம் மேலே பார்க்க, சோற்றைக் குழைத்து வாயில் விடுவார். நன்றாய் இறங்குகிற மாதிரித்தான் தெரியும். ஆனால் மாரி தொடங்கினால் நெஞ்சுச் சளி, வார்ட்டில் ஒரு கிழமை. ஒவ்வொரு வருடமும். நாங்கள் குளிர் என்று நினைத்துத் தலைக்குத் தொப்பி போட்டோம். அவனுக்கு ஏழு வயதான பிறகு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் "சாப்பாடு கொடுத்துக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். அம்மா மடியில் சாய்த்ததுமே நிறுத்திவிட்டார். தலை பின்னால் சாய்ந்தால் தொண்டை திறந்தே கிடக்கும், சாப்பாடு மூச்சுக்குழாய் வழியே போகும் என்று தன் கழுத்தை அண்ணாத்திக் காட்டி, "இப்பிடி வைச்சுத் துப்பலை விழுங்கிப் பாருங்கோ அம்மா" என்றார். அம்மா விழுங்கிப் பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் காட்டித் தந்தது இது. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், பாதம் எதிலாவது பதிந்திருக்க வேண்டும். நாடி கொஞ்சம் உள்ளே. நீங்கள் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள், நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துதான் பார்க்கும். சின்னக் கரண்டி, நேர் முன்னால் இருந்து. விழுங்கிய பிறகு அடுத்தது. சாப்பாடு முடிந்து அரை மணித்தியாலம் படுக்க வைக்கக் கூடாது. கஞ்சியைவிடத் தண்ணீரும் தேத்தண்ணியும்தான் புரைக்கேற வைக்கும், தண்ணிப் பதமானது வாயில் நிற்காமல் ஓடிவிடும். குடிக்கும்போது இருமினால், கண் கலங்கினால், குரல் ஈரமாய்க் கரகரத்தால் தெரபிஸ்டிடம் காட்டியே ஆக வேண்டும். எவ்வளவு தடிப்பாய்க் கொடுப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அனுபவத்தை எடுக்காதீர்கள், எங்கள் வீட்டு அனுபவத்தையும்தான்.

உடுப்பு, பேச்சு

ஒரு வேலையைப் பழக்கும்போது கடைசித் துண்டில் இருந்து தொடங்கினால் பிள்ளைக்கு அலுக்காது. காற்சட்டை போடப் பழக்குகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு காலையும் நீங்களே நுழைத்து, முழங்காலுக்கு மேல் இழுத்து, இடுப்புக்கு நாலு விரல் கீழே விட்டுவிடுங்கள். அந்த நாலு விரலைப் பிள்ளை இழுக்கட்டும். இழுத்தால் வேலை முடிந்தது, பாராட்டுக் கிடைக்கிறது. ஒரு கிழமை கழித்துத் தொடையில் விடுங்கள். பிறகு முழங்காலில். முதலில் இருந்து தொடங்கினால் பிள்ளை கஷ்டமான பாதியை மட்டும் செய்யும், முடிக்கிறது நீங்கள்.

பேச்சு வராத பிள்ளைக்கும் தெரிவு கொடுக்கலாம். ஒரு கையில் பாண், மற்றக் கையில் வாழைப்பழம். "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எங்களால் முடியாதது அதுதான், மூன்று எண்ண முன்னம் நாங்களே பதில் சொல்லிவிடுவோம். பிள்ளை பார்க்கலாம், கையை நீட்டலாம், சத்தம் போடலாம். எதுவானாலும் அது பேச்சு. உடனே கொடுங்கள். படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கினால், கைச்சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆகாது.

வலிப்பு வந்தால்

திறப்பைக் கையில் கொடுப்பது, கரண்டியை வாயில் வைப்பது, தண்ணீர் பருக்குவது, இறுக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது, பக்கவாட்டில் திருப்பி விடுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்ப முன்னம் இரண்டாவது தொடங்கினால், அல்லது வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றால் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிய ஒரு கிழமைக்கு முன்னமே அடுத்ததை எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொன்னால் வெளியில் தேட அந்த ஒரு கிழமை வேண்டும்.

ஜீஎஸ், பிரதேச செயலகம், காசு

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள். உங்களுடையது பட்டணமும் சூழலுமா, தம்பலகாமமா, குச்சவெளியா என்பது வீட்டு விலாசத்தைப் பொறுத்தது. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் (ஜீஎஸ்) போய்ப் பிள்ளையின் விபரத்தைப் பதியுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். இரண்டு பேரும் வெளிக்களத்துக்குப் போகிற ஆட்கள், நாள் கேட்டுப் போனால் வெயிலில் அலைய வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அடையாள அட்டை, அரச வைத்தியரின் அறிக்கை, வங்கிப் புத்தகம், இவற்றில் இரண்டு பிரதி எப்போதும் பையில் இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவில் இருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. பம்பர்சுக்கும் ஓட்டோவுக்கும் போதாது, ஆனாலும் விட வேண்டாம். கொடுப்பனவை மட்டும் கேட்டுவிட்டு வராமல், உபகரணம், சுயதொழில் உதவி, சக்கர நாற்காலி போகிற மாதிரி மலசலகூடம் கட்டும் உதவி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்றுக்குப் பதிந்தால் மற்றது தானாக வராது. விண்ணப்பம் கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் கொப்பியில் குறியுங்கள். ஒரு கந்தோரில் எங்கள் படிவம் இரண்டுதரம் காணாமல் போனது. மூன்றாம் தரம் நான் கொப்பியை விரித்துத் திகதியைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

அரச நியமனங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கடுதாசியில் இருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் தெரிந்ததுதான். ஆனால் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சக்கர நாற்காலி

விழா வைத்து, மாலை போட்டு, படம் எடுத்துத் தருவார்கள். தம்பிக்குக் கிடைத்த முதல் நாற்காலி பெரிய ஆளுக்குரியது. ஒன்பது வயதுப் பிள்ளை அதற்குள் ஒரு பக்கமாய்ச் சரிந்தே கிடந்தான், இரண்டு வருடத்தில் முதுகும் அந்தப் பக்கமே வளையத் தொடங்கியது. ஆகவே வாங்க முன்னம் பிசியோதெரபிஸ்டிடம் அளவு எடுங்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை பக்கவாட்டில் நுழைகிற அளவுதான் இடம். பாதம் மிதியில் பதிய வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலைத்தாங்கி உள்ளது வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் ஒழுங்கை என்றால் முன்சில்லு ஒடுங்கியது புதைந்துவிடும், அகலச் சில்லு கேளுங்கள். அளவில்லாத நாற்காலியை வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம்

5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சில சாதாரணப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது. எந்தப் பாடசாலை என்று அறிய வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து வலயங்கள். நடக்கக் கஷ்டம், ஆனால் படிப்பில் கெட்டிக்காரன் என்றால் அலகு தேவையில்லை, சாதாரண வகுப்பைக் கேளுங்கள். வகுப்பு மாடியில் என்றால் கீழே மாற்றித் தரச் சொல்லுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம், எழுதிக் கொடுக்க ஆள் போன்றவற்றுக்கு அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் கிழமை ஒரு மணித்தியாலம் போதும். ஆசிரியருக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எதற்குப் பயப்படுவான், தண்ணீர் வேண்டுமென்றால் என்ன செய்வான், எப்படிச் சமாதானமாவான்.

கடல்

இது எங்கள் ஊருக்கென்றே எழுதுவது. மூன்று பக்கமும் தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், பயமும் தெரியாது. கேற்றுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொழுக்கி போடுங்கள், சட்டைக் கழுத்துக்குள் போன் இலக்கத்தை எழுதுங்கள். ஒழுங்கையில் உள்ள கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி வையுங்கள். காணாவிட்டால் முதலில் கடற்கரைக்கும் கிணற்றடிக்கும் ஓடுங்கள், மற்ற இடம் பிறகு.

யாராவது பிள்ளையைத் தவறாய்த் தொட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அடியுங்கள். பேச முடியாத பிள்ளைதானே, யாரிடம் சொல்லப் போகிறது என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் யார் யார் என்பதை வீட்டில் தீர்மானித்து வையுங்கள், சொந்தக்காரர் என்பதற்காக எல்லாரிடமும் கொடுக்க வேண்டாம்.

உங்களுடைய முதுகு

அம்மா தம்பியைப் பதினாறு வயது வரை தூக்கினார். இப்போது குனிந்து கோலம் போட முடியாது. தூக்கும்போது முழங்காலை மடியுங்கள், முதுகை அல்ல, பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிப் பிடியுங்கள். இருபது கிலோ தாண்டினால் இரண்டு பேர். படுக்கையிலேயே இருக்கும் ஆள் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்ற வேண்டும், இரவில் அதைப் பங்கு போடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சிப் பின்னடைவு உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென்று ஒரு பராமரிப்பாளர் பயிற்சி வைத்திருக்கிறது. ஒன்பது குழு அமர்வு, மூன்று வீட்டு வருகை. அப்படி ஏதாவது இங்கே நடக்கிறதா என்று கிளினிக்கிலும் சமூக சேவைப் பிரிவிலும் கேட்டு வையுங்கள். நடக்காவிட்டால் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கிற தாயின் இலக்கத்தை வாங்குங்கள். எந்தக் கடையில் பெரிய அளவுப் பம்பர்ஸ் மலிவு என்பதை எனக்கு எந்த உத்தியோகத்தரும் சொல்லவில்லை, அப்படி ஒரு தாய்தான் சொன்னார். நித்திரை இல்லாமல், எல்லாவற்றிலும் வெறுப்பாய் இருந்தால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நீங்கள் இல்லாத இரண்டு நாளுக்கு ஆள் பழக்குங்கள். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காக நாங்கள் இரண்டு பேரும் போக வேண்டி வந்தபோதுதான், தம்பியின் ஒரு நாளை யாருக்கும் தெரியாது என்பது உறைத்தது. ஒரு கடுதாசியில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். மருந்து காலை 8, இரவு 8. தேத்தண்ணி தடிப்பாக்கி, கரண்டியால். இடி முழங்கினால் பக்கத்தில் இருக்கவும். இடது கையைச் சட்டைக்குள் முதலில் நுழைக்கவும், கழற்றும்போது கடைசியில். சித்தி வந்து நிற்பதற்கு முன்னம் மூன்று நாள் பகலில் வந்து எங்களோடு இருந்து பார்த்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது கடுதாசியின் அடியில் சித்தியின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: "ரேடியோ போட்டால் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறான்." இருபத்தி நாலு வருடமாய் எங்களுக்குத் தெரியாது.